கிதாரின் இரட்டைச் சுருள்

பழைய வால்வு வானொலிப் பெட்டியை முடுக்கிவிட்டு நிலையம் வரும்வரை காத்திருந்த அனுபவம் உங்களில் மூத்தவர்களுக்கு இருக்கும். பெட்டி சூடேறியதும் முதலில் வருவது பாட்டன்று, பேச்சும் அன்று. அடித்தொண்டையில் யாரோ முனகுவது போன்ற ஓர் ஒலி. அது வானத்திலிருந்து வருவதன்று. நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைவதால் எழுவது. அமெரிக்காவில் மின்சாரம் வினாடிக்கு 60 முறை அலைகிறது. ஆகவே அங்கே முனகலின் சுருதி சற்று ஏறியிருக்கும், அவ்வளவே. இம்முனகலை ஒழிக்க வேண்டுமென்று ஒரு தொழிற்சாலைப் பொறியாளர் எடுத்துக்கொண்ட முயற்சி, மின்கிதார் என்னும் கருவியின் குரலையே மாற்றிவிட்டது. அவ்வரலாற்றைச் சிறிது விரிவாகக் காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

மின்கிதார் மேலைநாட்டு இளைஞர்களின் கருவி, நமக்கும் அதற்கும் என்ன உறவு என்று சிலர் எண்ணக்கூடும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் அவர்களின் கச்சேரியைக் கேட்டவர்கள் அவ்வாறு எண்ண வேண்டுவதில்லை. 2014இல் மறைந்த அம்மேதை கையில் ஏந்தியது மின்மாண்டலினே. மரப்பெட்டியின் அதிர்வைக் கொண்டன்றி, மின்சாரத்தின் துணையால் தந்தியின் கமகத்தை அரங்கின் கடைசி வரிசைக்குக் கொண்டுசேர்த்தது அக்கருவி. கிதாரில் நடப்பதும் அதுவே.

அது நடக்கும் முறை மிக எளியது. இரும்பு கலந்த தந்திகளுக்கு அடியில் ஒரு காந்தம். அதைச் சுற்றித் தலைமயிரினும் மெல்லிய செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும். புலம் அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். அம்மின்சாரம் ஒலிபெருக்கியை அடைந்து மீண்டும் ஒலியாகும். இந்தச் சிறு பெட்டிக்குப் பிக்கப் என்று பெயர். ஜார்ஜ் போஷாம்ப் என்பவர் இதை 1931 வாக்கில் லாட வடிவக் காந்தங்களைக் கொண்டு செய்து காட்டினார். அடால்ப் ரிக்கன்பேக்கரின் பட்டறையில் அது கருவியாயிற்று. போஷாம்ப் 1934இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937இல் கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டே கிப்சன் நிறுவனம் இ.எஸ். 150 என்ற மின்கிதாரைக் கடைக்கு அனுப்பிவிட்டது. சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் அதை வாசித்துக் கூட்டத்தின் பின்னால் ஒதுங்கியிருந்த கிதாரை முன்வரிசைக்குக் கொணர்ந்தார். 1942இல் மிக இளம் வயதிலேயே அவர் மறைந்தது இசை உலகின் இழப்பு.

1946இல் கிப்சன் நிறுவனம் பி 90 என்ற பிக்கப்பை வெளியிட்டது. ஒரே சுருள், ஏறத்தாழ 10,000 சுற்று, அடியில் இரண்டு காந்தக் கட்டைகள். குரல் கணீரென்றிருக்கும். இன்றும் அதை விரும்புவோர் பலர். அவர்கள் விருப்பத்தில் நாம் குறை காணவில்லை. ஆனால் ஒரு சங்கடம். பல்லாயிரம் சுற்றுக் கம்பி என்பது தந்தியின் அசைவை மட்டும் உணர்வதன்று. அருகிலுள்ள மின்மாற்றி, மேடை விளக்கு, சுவரில் ஓடும் கம்பி ஆகிய அனைத்திலிருந்தும் கசியும் புலத்தையும் அது விருப்பு வெறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். வாசிப்பவர் கையை எடுத்தவுடன் ஒலிபெருக்கி முனகத் தொடங்கும்.

இங்கேதான் சேத் லவர் வருகிறார். 1910இல் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் பிறந்தவர். கிப்சன் தொழிற்சாலை இருந்த ஊரும் அதுவே. கடற்படையில் மின்னணுக் கருவிகளோடு பழகியவர். 1952இல் கிப்சனில் மீண்டும் பணியேற்றார். அவர் இசைக்கலைஞர் அல்லர், பொறியாளர். ஒலிபெருக்கிக்குள் முனகலை அடக்கும் சுருள் ஒன்றை முன்னரே அமைத்துப் பார்த்திருந்தார். அதே தந்திரம் பிக்கப்புக்கும் பொருந்தாதா என்பதே அவர் கேட்டுக்கொண்ட கேள்வி.

தந்திரம் இதுதான். ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு சுருள்களை அருகருகே வைப்பது. முதலாவதில் காந்தத்தின் வடமுனை தந்தியை நோக்கும், இரண்டாவதில் தென்முனை. இரண்டும் மின்சார வழியில் ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்படும். வெளியிலிருந்து வரும் முனகல் காந்தமுனையைப் பார்ப்பதில்லை; இரு சுருள்களிலும் ஒரே விதமாகவே பிறக்கிறது. எதிர் இணைப்பில் ஒன்று கூட்டலாகவும் மற்றொன்று கழித்தலாகவும் நின்று இரண்டும் அழிந்துபோகின்றன. தந்தியின் ஒலியோ முனை மாறியதால் ஒரு முறை தலைகீழாகிறது. இணைப்பு மாறியதால் மறுமுறையும் தலைகீழாகிறது. இரு முறை திரும்பியவன் முன்நோக்கியே நிற்பது போல, தந்தியின் ஒலிகள் இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து வலுக்கின்றன. வேண்டாதது கழிகிறது, வேண்டியது கூடுகிறது.

இதற்கு அவர்கள் இட்ட பெயர் ஹம்பக்கர். நாம் அன்றாடம் மொழிபெயர்ப்பால் பிழைப்பவர்கள். ஆகவே இப்பெயரைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை. முதற்பாதி முனகல். பிற்பாதியோ, ஏறியமர்ந்தவனைத் தூக்கியெறிய முரண்டும் குதிரையின் செயலைக் குறிப்பது. முனகல்முரணி என்றெழுதிப் பார்த்தோம். மறுநாள் படித்தபோது நமக்கே சிரிப்பு வந்தது. கடைக்காரரும் கலைஞரும் வழங்குகிற சொல்லையே நாமும் வழங்குவோம்.

எதிர்ச்சுருளால் முனகலை அழிக்கும் எண்ணம் லவருடைய தனிக் கண்டுபிடிப்பன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1930களிலேயே எலெக்ட்ரோ வாய்ஸ் நிறுவனம் ஒலிவாங்கியில் அதைக் கையாண்டது. பால்ட்வின் என்ற பியானோ நிறுவனத்துக்கு இதையொத்த அமைப்பொன்றுக்கு 1938இல் காப்புரிமை கிடைத்தது. ஆயினும் கிதாருக்குப் பொருந்துமாறு அதைச் சிறுபெட்டியில் அடக்கி, தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யத்தக்கதாக்கிய பெருமை லவருடையது. 1955 ஜூன் 22ஆம் நாள் அவர் விண்ணப்பித்தார். 1957இல் கிப்சனின் லெஸ் பால் கிதார்களில் புதிய பிக்கப் ஏறியது. காப்புரிமை வழங்கப்பட்டது 1959 ஜூலை 28ஆம் நாள்.

ஆனால் அதற்கு நான்கு வாரம் முன்பே, 1959 ஜூன் 30ஆம் நாள், வேறொருவர் இதே போன்ற பிக்கப்புக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். அவர் இல்லினாய் மாநிலத்துக் கெய்ரோ என்ற சிற்றூரில் ஒலிபெருக்கிகள் செய்துவந்த ரே பட்ஸ். செட் அட்கின்ஸ் என்ற புகழ்பெற்ற கிதார்க் கலைஞர் தம் கிதாரின் முனகலால் அலுத்துப் பட்ஸிடம் முறையிட, அவர் இரட்டைச் சுருளைச் செய்து கொடுத்தார். கிரெட்ச் நிறுவனம் அதைப் பில்டர்ட்ரான் என்ற பெயரில் தன் கிதார்களில் பொருத்தியது. விண்ணப்பித்ததில் லவர் முந்தியவர். பெற்றதில் பட்ஸ் முந்தியவர். இருவரும் ஒருவர் வேலையை மற்றவர் அறியாமல் செய்தவர்கள். இரு நிறுவனங்களும் இதைப் பற்றி நீதிமன்றம் ஏறவில்லை. இரண்டு பிக்கப்புகளும் அருகருகே வாழ்ந்தன. நம் ஊரில் வரப்புக்கு அரை அடி நிலத்துக்காக மூன்று தலைமுறை வழக்காடியவர்களை நினைத்துக்கொள்கிறோம்.

இவ்விரண்டையும் ஒப்பிட்டால் இரட்டைச் சுருள் என்பது ஒரே குரல் அன்று என்பது விளங்கும். பில்டர்ட்ரானில் சுற்று குறைவு. ஒலி பளபளப்பும் தெளிவும் உடையது. லவருடைய பிக்கப்பில் சுருள் ஒன்றுக்கு ஏறத்தாழ 5,000 சுற்று. ஒலி தடித்தது, இனிமையானது, நீண்டு நிற்பது. தடிப்புக்குக் காரணங்கள் உண்டு. இரு சுருள்களும் தந்தியை இரண்டு இடங்களில் தொட்டுக் கேட்கின்றன. தந்தியில் எழும் மிக நுண்ணிய மேலலைகள் சில, ஓரிடத்தில் மேலேறும்போது மற்றோரிடத்தில் கீழிறங்கும். அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தொடராக இணைந்த இரு சுருள்களும் உயர்ந்த ஒலியைச் சற்றே தடுத்து நிறுத்துகின்றன. ஆக, முனகலைத் துரத்தியபோது தந்தியின் கூர்மையிலும் ஒரு பங்கு கதவைத் தாண்டிப் போய்விட்டது. பொறியாளர் கணக்கில் அது சிறு நட்டம். பிற்காலத்துக் கலைஞர்களோ அதையே தேடினார்கள்.

லவர் கூர்மையைக் காக்க முயலாதவர் அல்லர். பிக்கப்பின் மேல்மூடிக்குப் பித்தளையைப் போட்டால் அதில் எழும் சுழல் மின்னோட்டம் உயர்ந்த ஒலிகளை விழுங்கும் என்று கண்டு, ஜெர்மன் வெள்ளி என்னும் கலப்பு உலோகத்தை அவர் தேர்ந்தார். மற்றொரு செய்தி இன்னும் சுவையானது. அவர் முதலில் அமைத்த பிக்கப்பில் மேலே திருகுகள் இல்லை. அவை தேவை என்று அவர் கருதவுமில்லை. விற்பனைப் பிரிவினர், கடைக்காரரிடம் எடுத்துச் சொல்ல ஏதேனும் ஒன்று வேண்டும் என்று வற்புறுத்தவே, ஒரு சுருளில் ஆறு திருகுகள் ஏறின.

இனித் தொழிற்சாலைக்குள் செல்வோம். கலமசூவில் சுருள் சுற்றும் இயந்திரங்களுக்கு, குறித்த எண்ணிக்கை வந்ததும் தாமே நின்றுவிடும் ஏற்பாடு தொடக்கத்தில் இல்லை. எதிரில் அமர்ந்த தொழிலாளர் சுருள் நிரம்பியதைக் கண்ணால் மதித்து நிறுத்தினார். ஒரு சுருளில் நூறு சுற்று கூடும். அடுத்ததில் இருநூறு குறையும். காந்தமும் அவ்வாறே: அல்னிக்கோ என்ற உலோகக் கலவையில் 2, 3, 4, 5 என்று பல வகை உண்டு, எது கையிருப்பில் இருந்ததோ அது ஏறியது. பிளாஸ்டிக்கும் அவ்வாறே. கறுப்புச் சட்டங்கள் தீர்ந்தபோது பாலேடு நிறத்துச் சட்டங்களில் சுற்றினார்கள். மூடிக்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? இதனால் அக்காலத்துப் பிக்கப்புகளின் மின்தடை ஏழு கிலோ ஓமிலிருந்து ஒன்பது வரை வேறுபடுகிறது. இரு சுருள்களும் சமமாக இல்லாதபோது முனகல் முற்றிலும் அழிவதில்லை. ஆனால் மேலலைகளும் முற்றிலும் அழிவதில்லை. குரலில் ஒரு திறப்பு உண்டாகிறது. ஒரே ஆண்டில் ஒரே மேசையில் செய்த இரண்டு பிக்கப்புகள் அண்ணன் தம்பியைப் போல இருக்குமேயன்றி இரட்டைப் பிள்ளைகளைப் போல இரா.

அந்தப் பிக்கப்புகளின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற பொருளுடைய சிறு கறுப்புச் சீட்டு ஒட்டப்பட்டது. அதன் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டே இன்றும் அவற்றை பி.ஏ.எப். என்கிறார்கள். காப்புரிமை 1959இலேயே கிடைத்தும், 1962 வரை இச்சீட்டு தொடர்ந்தது. பிறகு எண் அச்சிட்ட சீட்டு வந்தது. அந்த எண் 2,737,842. லவருடைய காப்புரிமையின் எண்ணோ 2,896,491. சீட்டிலிருந்தது லெஸ் பால் பெற்ற, தந்திகளைப் பிணைக்கும் வால்பகுதிக்கான காப்புரிமை எண். போட்டியாளர் தேடிப்பிடித்துக் காப்பியடிக்காதிருக்கச் செய்த சூழ்ச்சி என்பாரும், எழுத்தர் பிழை என்பாரும் உளர். கோப்புகளோடு பழகிய நமக்கு இரண்டாவதை நம்புவதில் சிரமம் இல்லை.

இவ்வளவும் நடந்தபோது சந்தை வரவேற்கவில்லை என்பதே விந்தை. 1958 முதல் 1960 வரை, செம்மஞ்சள் மேனியுடன் வந்த லெஸ் பால் கிதார்கள் ஏறத்தாழ 1,500 மட்டுமே செய்யப்பட்டன. விலை அதிகம், எடை அதிகம், விற்பனை குறைவு. 1961இல் நிறுவனம் அவ்வடிவத்தையே கைவிட்டது. கடையில் தூசி படிந்த அக்கருவிகளை இங்கிலாந்தில் சிலர் பழைய விலைக்கு வாங்கினர். அவர்களுள் ஒருவர் எரிக் கிளாப்டன். 1966இல் ஜான் மாயல் குழுவுடன் அவர் பதிந்த இசைத்தட்டில், மார்ஷல் ஒலிபெருக்கியை அதன் எல்லைக்கு மேல் முடுக்கி, லெஸ் பால் கிதாரை வாசித்தார். ஒலி உடைந்து, வழிந்து, குரல் கம்மிய பாடகனைப் போல் நீண்டு நின்றது. ஒலிபெருக்கியை உடையாமல் தெளிவாக ஒலிக்கச் செய்வது பொறியாளர் இலக்கு. அதனினும் வலிய சைகையால் அதை உடைப்பது இளைஞர் இலக்காயிற்று. முனகலின்றி அவ்வளவு முடுக்க முடிந்தது இரட்டைச் சுருளால். 1968இல் கிப்சன் லெஸ் பாலை மீண்டும் செய்யத் தொடங்கிற்று. பழைய குரல் அதில் இல்லை என்று வாங்கியவர்கள் குறைப்பட்டார்கள்.

பிக்கப்பைக் கழற்றி மாற்றும் வழக்கம் இந்தக் குறையிலிருந்தே பிறந்தது. அதுவரை கிதாரோடு வந்த பிக்கப் கிதாரோடே இருந்தது. 1972 வாக்கில் நியூயார்க்கில் லாரி டிமார்சியோ என்ற இளைஞர் சூப்பர் டிஸ்டார்ஷன் என்ற பிக்கப்பைத் தனிப்பொருளாக விற்றார். செராமிக் காந்தம், சுற்று அதிகம், மின்தடை 13 கிலோ ஓமுக்கு மேல். பழைய குரலைத் திரும்பப் பெறுவதோடு நில்லாமல், ஒலிபெருக்கியை இன்னும் எளிதில் உடைப்பதற்கென்றே அமைந்தது அது. மூடியின்றி, பாலேடு நிறத்துச் சட்டங்கள் வெளியே தெரியும்படி அதை விற்றார். கலமசூவில் கறுப்பு தீர்ந்ததால் வந்த அந்த நிறம், பின்னர் அமெரிக்காவில் டிமார்சியோ நிறுவனத்தின் வணிகக்குறியாகவே பதிவாயிற்று. பற்றாக்குறை ஒருவருடைய சொத்தானது.

சீமோர் டங்கன் வேறு வகையினர். சிறுவயதில் தம் கிதாரின் பிக்கப் பழுதானபோது, இசைத்தட்டுச் சுழற்றியின் மேல் வைத்துத் தாமே கம்பி சுற்றியவர். 1970களின் தொடக்கத்தில் லண்டனில் பழுதுபார்ப்பவராக இருந்தபோது, பழைய கிப்சன் பிக்கப்புகளை மீண்டும் சுற்றி வேறொரு நிறுவனத்துக் கிதாரில் பொருத்தி ஜெப் பெக் என்ற கலைஞருக்கு அளித்தார். 1975இல் வெளியான பெக்கின் இசைத்தட்டில் அக்கிதார் ஒலிக்கிறது. 1976இல் கலிபோர்னியாவில் டங்கனின் நிறுவனம் தொடங்கியது. எட்டி வான் ஹேலன் என்ற இளைஞரோ நிறுவனம் எதையும் நாடவில்லை. 50 டாலருக்கு உடலும் 80 டாலருக்குக் கழுத்தும் வாங்கிச் சேர்த்து, தம் பழைய கிப்சன் கிதாரிலிருந்து எடுத்த பிக்கப்பை அதில் பதித்தார். சுருள் தளர்ந்திருந்தால் உரத்த ஒலியில் கம்பியே அதிர்ந்து கீச்சிடும். அதைத் தடுக்கப் பிக்கப்பை உருகிய மெழுகில் அமிழ்த்தினார். 1978இல் அவருடைய குழுவின் முதல் இசைத்தட்டைக் கேட்ட இளைஞர் பலர் தங்கள் கிதாரைக் குடையத் தொடங்கினர்.

எது மேல் என்று ஒப்பிடுவது எளிதா? நாம் வசிக்கும் வடநாட்டுக் குடியிருப்பில் மாடி வீட்டில் ஒரு தஞ்சாவூர்க் குடும்பம். அவர்கள் மகன் ஒரு ஞாயிறன்று, "மாமா, இதைக் கேளுங்கள்" என்று அழைத்தான். பழைய பிக்கப்பில் ஒரு பாட்டை வாசித்தான். தந்திகளைத் தளர்த்தி, பற்றவைத்த ஈயத்தை இளக்கிக் கம்பிகளைப் பிரித்து, புதியதைப் பற்றவைத்து, மீண்டும் சுருதி சேர்த்து வாசித்தான். முக்கால் மணி நேரம் சென்றிருந்தது. புதியதே சிறந்தது என்றோம். அவன் சிரித்துக்கொண்டே புதிய பிக்கப்பின் பக்கத்துத் திருகுகளை இளக்கித் தந்தியை விட்டுச் சற்றுத் தாழ்த்தினான். நாம் கேட்ட சிறப்பில் பாதி போய்விட்டது. உரக்கக் கேட்பதை நல்லதென்று எண்ணும் பழக்கம் நம் காதுக்கு உண்டு. முக்கால் மணிக்கு முந்திய ஒலியை நினைவில் வைத்திருக்கும் ஆற்றலோ அதற்கு இல்லை.

ஆகவே ஒப்பிட விரும்புவோர் முதலில் இரண்டையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவர வேண்டும். முன்னதைப் பதிவு செய்துகொள்வது நலம். மின்தடையின் எண்ணைக் கண்டு மயங்கலாகாது. மெல்லிய கம்பியில் சுற்றினால் சுற்று கூடாமலே மின்தடை ஏறும். கிதாரின் ஒலியளவுக் கட்டுப்பாடும் குரலை மாற்றும்: ஒற்றைச் சுருளுக்கு வழக்கம் 250 கிலோ ஓம், இரட்டைச் சுருளுக்கு 500. பழைய கட்டுப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுப் புதிய பிக்கப் மங்கலாக ஒலிக்கிறது என்று பழிப்பவர் உண்டு. அது பிக்கப்பின் குற்றம் அன்று. இரண்டு பிக்கப் உள்ள கிதாரில் ஒன்றை மட்டும் மாற்றும்போது, இணைப்பின் திசை முரண்பட்டால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கையில் குரல் மெலிந்து மூக்கால் பேசுவது போலாகும். இரு கம்பிகளை இடம் மாற்றினால் தீரும். பழைய வகையில் ஒரு கம்பி உலோக உறையோடு சேர்ந்திருப்பதால் அதுவும் முடியாது. நான்கு கம்பிகள் தனித்தனியே வரும் புதிய வகையில் இத்தொல்லை இல்லை.

பழைய பிக்கப்புகள் இன்று ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்கின்றன. அடிச்சீட்டைப் போலியாக அச்சடித்து விற்பவர்களும் உளர். கண்ணால் மதித்து இயந்திரத்தை நிறுத்திய அத்தொழிலாளரின் பெயர்களோ எந்தச் சீட்டிலும் இல்லை. அவர்கள் கையில் நேர்ந்த ஏற்றத்தாழ்வை இப்போது நிறுவனங்கள் எண்ணிக் கணக்கிட்டு, ஒரு சுருளில் வேண்டுமென்றே சில நூறு சுற்றுகளைக் கூட்டிச் சுற்றுகின்றன.

சேத் லவர் 1967இல் கிப்சனை விட்டு, போட்டி நிறுவனமான பெண்டருக்குச் சென்றார். தாம் செய்ததைவிடத் தெளிவான ஒலியே அவர் வேண்டியது. செம்பு, நிக்கல், இரும்பு கலந்த குனிபே என்னும் காந்தத்தையே திருகுகளாக்கி, 1970களின் தொடக்கத்தில் வைட் ரேஞ்ச் என்ற இரட்டைச் சுருளை அங்கே படைத்தார். அக்காந்தம் பிற்பாடு கிடைப்பது அரிதாகவே அது நின்றுபோயிற்று. 2020இல் அந்நிறுவனம் மீண்டும் வெளியிட்டது. கலமசூ தொழிற்சாலையைக் கிப்சன் 1984இல் மூடியது. அங்கிருந்த பழைய சுருள் சுற்றும் இயந்திரம் ஒன்று டங்கனின் கைக்கு வந்தது. 1990களில், எண்பது வயது கடந்த லவரும் டங்கனும் சேர்ந்து 1955ஆம் ஆண்டு வடிவத்தை மீண்டும் செய்தார்கள். ஜெர்மன் வெள்ளி மூடி, மெழுகிடாத சுருள், அல்னிக்கோ 2 காந்தம் எல்லாம் பழையபடியே. 1994இல் அது லவரின் பெயரோடு கடைக்கு வந்தது. 1997இல் அவர் காலமானார். அந்தப் பிக்கப்பின் மூடியின் மேலும், அவர் தேவையில்லை என்று கருதிய ஆறு திருகுகள் இருக்கின்றன.